பழுது பார்த்த பின் வரும் பழுது



நோயுற்ற ஒருவர் பெரியதோர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புகிறார். திரும்பிய மூன்றாம் நாள், முன்பு இல்லாத வலி ஒன்று தோன்றுகிறது. வீட்டார் என்ன சொல்வார்கள்? “சிகிச்சையே தவறு” என்பார் ஒருவர். “மறுபடியும் திறந்து பார்க்கவேண்டும்” என்பார் மற்றொருவர். வலி எப்பொழுது வருகிறது, எப்பொழுது தணிகிறது என்று நோயாளியையே உட்காரவைத்துக் கேட்பவர் மிகச் சிலர்.

இன்று நான் சொல்லப்போவது மனிதரைப் பற்றிய செய்தியன்று. ஒரு லாரியைப் பற்றிய செய்தி. முற்றிலும் பழுது பார்க்கப்பெற்று வெளிவந்த அதன் எஞ்சின் மூன்றே நாளில் உதறத் தொடங்கியது. அதன் காரணத்தை ஒருவர் எவ்வாறு தேடிக் கண்டார் என்பதே இப்பேச்சின் பொருள். லாரி ஓட்டாதவர்க்கும் இதில் பயன் உண்டு என்பது என் நம்பிக்கை.

முதலில் டீசல் எஞ்சின் வேலை செய்யும் முறையைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் மேலெழுந்து ஏறத்தாழப் பதினாறு அல்லது பதினேழில் ஒரு பங்காக நெருக்குகிறது. அவ்வாறு நெருக்குண்ட காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அந்தக் கணத்தில் இன்ஜெக்டர் என்னும் கருவி டீசலைப் புகைபோன்ற நுண்துளிகளாகத் தெளிக்கிறது. துளிகள் தாமே தீப்பற்றிப் பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றன.

ஆகவே ஒரு சிலிண்டர் ஒழுங்காக வேலை செய்வதற்கு மூன்று வேண்டும். காற்று முழுமையாக நெருக்கப்படவேண்டும். எரிபொருள் உரிய அளவில், உரிய நுண்மையில் வந்து விழவேண்டும். அது உரிய கணத்தில் விழவேண்டும். காற்று, எரிபொருள், காலம் என்னும் இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சோதனைகள் யாவும் இவற்றைப் பற்றிய கேள்விகளே.

பெரிய லாரிகள் பலவற்றில் ஆறு சிலிண்டர்கள் வரிசையாக நிற்கின்றன. அவை 1, 5, 3, 6, 2, 4 என்னும் முறையில் ஒன்றன்பின் ஒன்றாக எரிகின்றன. எஞ்சின் நிமிடத்திற்கு 600 சுற்றுச் சுற்றிக்கொண்டு சும்மா நிற்கும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 5 முறை எரியும். ஆறும் சேர்ந்து 30 முறை. பல்லக்குச் சுமப்பவர் அறுவரில் ஒருவர் மட்டும் கால் தடுமாறினால் பல்லக்கு முழுவதுமே குலுங்குமன்றோ? ஒரு சிலிண்டர் எரியத் தவறினால் எஞ்சினும் அவ்வாறே உதறும். உதறல் முழுவதிலும் தெரியும். குறை ஒரே இடத்தில் இருக்கும். இடர்ப்பாடு தொடங்குவது இங்கேதான்.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். லாரிகளுக்குப் பாடி கட்டும் கூடங்களும், எஞ்சின் வேலை பார்க்கும் பட்டறைகளும் அங்கே நிறைந்துள்ளன. என்னிடம் பயின்ற ஒருவர் அப்பக்கத்தில் சிறிய பட்டறை ஒன்று நடத்திவருகிறார். வேறொரு வேலையாக ஒருநாள் அங்கே போயிருந்தேன். அப்பொழுது பட்டறை வாயிலில் ஒரு லாரி நடுங்கிக்கொண்டு நின்றது. புகைக்குழாயிலிருந்து வெண்புகை வந்துகொண்டிருந்தது.

அந்த வண்டியின் உரிமையாளருக்கு அது ஒன்றே சொத்து. எண்ணெயைக் குடித்து நீலப்புகை கக்குகிறது என்று, மூன்று வாரத்திற்கு முன் எஞ்சினை இறக்கி வேலை பார்த்திருந்தார்கள். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் யாவும் புதியவை. ஹெட்டைக் கழற்றி வால்வுகளையும் தேய்த்துப் பொருத்தியிருந்தார்கள். வேலை நடந்த நாட்களில் வண்டிக்கு வருமானம் இல்லை. கடன் தவணையோ தன் தேதியில் தவறாது வந்தது. இந்நிலையில் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாளே வண்டி மேடு ஏற மறுத்தது. அவருடைய சினத்தில் வியப்பு ஒன்றும் இல்லை.

“மறுபடியும் எஞ்சினை இறக்கித்தான் ஆகணுங்க. டைமிங் பல்லை மாத்தி மாட்டிட்டாங்க. இந்தப் பையனைக் கை வைக்க விட்டதுதானுங்க தப்பு” என்று அவர் உரத்த குரலில் சொன்னார். அவர் சுட்டிக் காட்டிய பையன், தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து முடித்து ஓராண்டுக்கு முன் வேலைக்கு வந்தவன். ஹெட்டைப் பூட்டியவன் அவன்தான். கையில் துணியை வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான். அன்று அவன் வேலை போய்விடும் என்றே நான் எண்ணினேன்.

பட்டறைக்காரர் உரிமையாளருக்கு மறுமொழி சொல்லவில்லை. சற்றுத் தள்ளி நின்ற ஓட்டுநரிடம் சென்று, “அண்ணே, எப்ப உதறுது?” என்று கேட்டார்.

ஓட்டுநர் சொன்னார்: “காலையில எடுத்தா நல்லாத்தானுங்க இருக்குது. டோல்கேட் தாண்டி வண்டி நல்லாச் சூடாச்சுன்னாத்தான் உதறுதுங்க. ஆறவிட்டு எடுத்தா மறுபடியும் சரியாப் போயிருதுங்க. மொத நாளே சொன்னேனுங்க.”

மாணவர்களே, அந்த மூன்று வாக்கியங்களின் மதிப்பைக் கவனியுங்கள். டைமிங் பல் மாறியிருந்தால் எரிபொருள் தவறான கணத்தில் விழும். அந்தத் தவறு ஒரு சிலிண்டருக்கு மட்டும் நேராது, ஆறுக்கும் நேரும். காலையில் மறைந்து நண்பகலில் தோன்றவும் செய்யாது. இரும்புப் பல் சூட்டைக் கண்டு இடம் மாறுவதில்லை. ஆகவே எஞ்சினை இறக்கவேண்டும் என்னும் வாதத்தின் வேரே ஓட்டுநரின் சொல்லால் ஆட்டம் கண்டது. ஆயின் பட்டறைக்காரர் அத்துடன் முடிவு கட்டிவிடவில்லை. சோதனைகளைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கினார்.

முதல் சோதனை கண்ணால் பார்ப்பது. பெரிய வேலைக்குப் பின் தோன்றும் குறை, அவ்வேலையில் தொட்ட இடத்தில் இருப்பதே பெரும்பாலும் இயல்பு. கழற்றிப் பூட்டிய எரிபொருள் குழாய்கள், அவற்றின் செப்பு வாஷர்கள், காற்று வடிகட்டியின் ரப்பர்க்குழாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கசிவு இல்லை.

இரண்டாவது, டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறதா என்பது. டீசலை எளிதில் நெருக்க முடியாது, காற்றை நெருக்கலாம். குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் பம்பு கொடுக்கும் அழுத்தத்தை அக்குமிழ் விழுங்கிவிடும், இன்ஜெக்டர் திறவாது. எரிபொருள் வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். குமிழ் இன்றித் தெளிந்த டீசலே வந்தது. இச்சோதனைக்கு ஆன செலவு ஐந்து நிமிடம்.

மூன்றாவது, குறையுள்ள சிலிண்டர் எது என்று காண்பது. எஞ்சினை நன்றாகச் சூடேறவிட்டு, உதறத் தொடங்கியதும், இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தினார். தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு எரிபொருள் போகாது. அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டராயின், எஞ்சின் இன்னும் மோசமாக உதறி வேகம் தாழும். முன்னமே வேலை செய்யாத சிலிண்டராயின், எந்த மாற்றமும் தெரியாது. வேலை செய்யாதவனுக்கு விடுமுறை கொடுத்தால் அலுவலகத்திற்கு என்ன நட்டம்? முதல் சிலிண்டர்: வேகம் தாழ்ந்தது. இரண்டாவது: தாழ்ந்தது. மூன்றாவது: மாற்றமே இல்லை. மற்ற மூன்றும் முதலிரண்டைப் போலவே நடந்தன. ஆறு வீடுகள் உள்ள தெருவில் எந்த வீடு என்பது தெரிந்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். இந்தச் சோதனை பழைய முறைப் பம்பு உள்ள எஞ்சின்களுக்கே உரியது. பொதுக்குழாய் முறை, அதாவது காமன் ரெயில் என்னும் அமைப்புள்ள புதிய எஞ்சின்களில், எரிபொருள் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கிறது. ஓடும்போது அந்த நட்டைத் தளர்த்தினால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும். கையையே இழக்க நேரிடலாம். அவ்வகை வண்டிகளில் இதே சோதனையைக் கணினிக் கருவியைக் கொண்டு, நட்டைத் தொடாமலே செய்கிறார்கள்.

நான்காவது சோதனைதான் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. அந்தப் பையன் மெல்ல, “புது இன்ஜெக்டர் வாங்கிட்டு வரட்டுங்களாண்ணே?” என்று கேட்டான். “வேண்டாம் தம்பி. மூணாவதையும் ரெண்டாவதையும் இடம் மாத்திப் பூட்டு” என்றார் பட்டறைக்காரர். புதிய செப்பு வாஷர் இட்டு அவ்வாறே பூட்டினார்கள். இதன் நுட்பம் யாதெனில், குறை இன்ஜெக்டரில் இருந்தால் அது இன்ஜெக்டருடன் இரண்டாம் சிலிண்டருக்குக் குடிபெயரும். குறை சிலிண்டரில் இருந்தால் மூன்றாம் இடத்திலேயே தங்கும். விடை எவ்வாறு வரினும் அறிவு ஒரு படி முன்னேறும். புதிய பொருளை வாங்கிப் போட்டுப் பார்ப்பதில் பணம் செலவாகும்; இதில் உழைப்பு மட்டுமே செலவாகிறது.

குறை மூன்றாம் சிலிண்டரிலேயே தங்கியது. இன்ஜெக்டர் குற்றமற்றது. குழாய் நட்டைத் தளர்த்தியபோது மூன்றாம் குழாயிலும் மற்றவற்றைப்போலவே டீசல் துடித்துத் துடித்து வந்ததால், பம்பின் மீதும் ஐயமில்லை. எரிபொருள் உண்டு, காலமும் தவறவில்லை. எஞ்சி நிற்பது காற்று.

ஐந்தாவதாக, சூடு ஆறுமுன் இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பூட்டி எஞ்சினைச் சுழற்றினார்கள். மற்றச் சிலிண்டர்கள் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. மூன்றாவது மட்டும் மிகத் தாழ்ந்து நின்றது. உடனே உரிமையாளர், “பாத்தீங்களா, ரிங் போச்சு. இறக்கித்தானுங்க ஆகணும்” என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் நெருக்கப்படும் காற்றுத் தப்பி ஓட மூன்று வழிகள் உள்ளன. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே போகலாம். ஹெட் கேஸ்கட் வழியே பக்கத்தில் போகலாம். வால்வு வழியே மேலே போகலாம். ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வோர் அடையாளம் உண்டு. ரிங் வழியே போனால், எண்ணெய்த் தொட்டியின் மூச்சுக்குழாயில் காற்றுக் குபுகுபுவென்று வரும். புதிய ரிங்குகள் இன்னும் படியவில்லை என்றால், அக்குறை ஆறு சிலிண்டர்களுக்கும் பொதுவாக இருக்கும். கேஸ்கட் வழியே போனால், ரேடியேட்டர் நீரில் குமிழ் எழும். அல்லது பக்கத்துச் சிலிண்டரின் அழுத்தமும் குறையும். இங்கே மூச்சுக்குழாய் அமைதியாக இருந்தது. ரேடியேட்டர் நீரும் அசையவில்லை. ஆகவே வால்வு.

இப்பொழுது ஓட்டுநரின் சொல்லை மீண்டும் நினையுங்கள். சூடானால்தான் உதறுகிறது. சூட்டால் நீள்வது எது? எட்டாம் வகுப்பில் படித்த விடைதான்: உலோகம்.

வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்னும் கைக்கும், வால்வின் தண்டு முனைக்கும் இடையே மெல்லிய இடைவெளி ஒன்று வைப்பார்கள். மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்குதான்; ஒவ்வோர் எஞ்சினுக்கும் உரிய அளவு அதன் கையேட்டில் இருக்கும். வால்வு சூடேறி நீளும்போது அந்த நீட்சிக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே இந்த இடைவெளி. தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இடம் விடுவது போன்றது இது. இடம் இல்லையெனில், நீண்ட வால்வு முழுவதும் மூட முடியாமல் மயிரிழையளவு திறந்தே நிற்கும். நெருக்கப்படும் காற்று அவ்வழியே ஓடிவிடும். காற்றுச் சூடேறாது, டீசல் சரியாக எரியாது, எரியாத டீசல் வெண்புகையாக வெளிவரும். கண்ட அடையாளங்கள் யாவும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன.

மேல்மூடியைக் கழற்றினார்கள். எஞ்சினைக் கையால் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டரையும் அதன் இரு வால்வுகளும் மூடியிருக்கவேண்டிய நிலைக்குக் கொண்டுவந்து, தள்ளுகோலை விரலால் திருகிப் பார்த்தார்கள். பன்னிரண்டில் பதினொன்று எளிதாகச் சுழன்றன. மூன்றாம் சிலிண்டரின் வெளியேற்று வால்வுக்குரியது மட்டும் அசையவில்லை. அங்கே இடைவெளித் தகடு நுழையவும் இல்லை.

பட்டறைக்காரர் பையனைத் திரும்பிப் பார்த்தார். அவன் சொன்னான்: “கேஜ் விட்டுப் பார்த்துத்தாண்ணே செட் பண்ணினேன். நட்டை இறுக்கினதுக்கு அப்புறம் இது ஒண்ணை மட்டும் மறுபடி பார்க்கலை.”

செய்தி அவ்வளவுதான். அளவு சரியாக வைத்த திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு, பூட்டு நட்டை இறுக்கவேண்டும். பிடி சற்று நழுவினால், நட்டோடு திருகும் சேர்ந்து சுழன்று கீழே இறங்கும். வைத்த இடைவெளி சுருங்கிவிடும். இறுக்கிய பின் ஒருமுறை தகட்டை விட்டுப் பார்த்திருந்தால் அக்கணமே தெரிந்திருக்கும். அந்த மாலையில் வண்டியை எடுத்துப்போக உரிமையாளரே வந்து நின்று விரைவுபடுத்தினார் என்பதைப் பையன் சொல்லவில்லை. பின்னர்ப் பட்டறைக்காரர்தான் என்னிடம் தனியே சொன்னார்.

அந்த வால்வோடு இன்னும் பல நாள் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெளியேற்று வால்வு தன் சூட்டைப் பெரிதும் தன் இருக்கையில் படிந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கொடுத்துக் குளிர்கிறது. படியாத வால்வு குளிராது, விளிம்பு கருகிவிடும். அப்பொழுது ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வேறு வழி இருந்திராது. கேளாமல் விட்ட சொல் ஒன்று அந்த எல்லை வரை கொண்டுபோயிருக்கும்.

எஞ்சின் ஆறும் வரை காத்திருந்தார்கள். பட்டறைக்காரர் பையனைக் கடிந்துகொள்ளவில்லை. தகட்டை அவன் கையிலேயே கொடுத்துப் பன்னிரண்டு இடைவெளிகளையும் அவனையே வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் இறுக்கிய பின் மறுபடி பார்க்கச் சொன்னார். பிறகு மூன்றாம் சிலிண்டரில் அழுத்தமானியைப் பூட்டிப் பார்த்தார்கள். அது மற்றவற்றோடு வந்து சேர்ந்துகொண்டது, வால்வு கருகவில்லை. வண்டியை டோல்கேட் தாண்டும் வரை ஓட்டிச் சூடேற்றித் திரும்பக் கொண்டுவந்த பின்புதான் ஒப்படைத்தார். குறை எந்த நிலையில் தோன்றியதோ அந்த நிலையிலேயே அது நீங்கியதைக் காணவேண்டும் அன்றோ?

உரிமையாளர் ஓட்டுநரைப் பார்த்து, “நீ மொதல்லயே சொன்னே” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுமுறை நான் அவ்வழியே போனபோது, அந்தப் பையன் வேறொரு வண்டியின் ஹெட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

அன்று வீடு திரும்பும்போது என் மனம் அமைதியாக இல்லை. நான் பல ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன். மாணவனின் விடை தவறாக இருந்தால், கணக்கு முழுவதையும் குறுக்கே அடித்து, “முதலிலிருந்து போட்டு வா” என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! மறுபடியும் எஞ்சினை இறக்கு என்பதுதானே அதன் பொருள்? ஏழு வரிகளில் ஆறு சரியாக இருந்திருக்கும்; ஒரு வரியில் கழித்தல் குறி மாறியிருக்கும். எந்த வரியில் வழி தவறினாய் என்று அவனோடு உட்கார்ந்து தேடியிருந்தால், அவன் அக்கணக்கையும் கற்றிருப்பான். தன் பிழையைத் தானே காணும் வழியையும் கற்றிருப்பான். ஆசிரியப் பயிற்சியில் நான் படித்ததும் இதுதான். வகுப்பின் அவசரத்தில் அதை மறந்தேன்.

மாணவச் செல்வங்களே, இந்த எஞ்சினைக் கண்டுபிடித்தவரின் கதையும் இதற்குத் துணை நிற்கிறது. ஜெர்மானியப் பொறியியலாளர் ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினை ஆக்ஸ்பர்க் நகரில் முதன்முதலாகச் சோதித்தது 1893-ஆம் ஆண்டில். அது தானாக ஓடவில்லை. அதன்பின் குறைகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தி, 1897-இல்தான் வெற்றிச் சோதனை நடந்தது. அப்பொழுது அந்த எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு 26 பங்குக்குச் சற்று மேலாகப் பயன்படுத்திக் காட்டியது. இடையிலிருந்த நான்கு ஆண்டுகளும் குறை தேடிய ஆண்டுகளே.

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி, பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட புதிய வண்டிகளே விற்கப்படுகின்றன. அவற்றில் கணினி உண்டு. கருவியை இணைத்தால் குறைக்குரிய எண்ணைக் காட்டும். இனி இப்படித் தேடவேண்டிய தேவை இல்லை என்று சிலர் கருதலாம். அந்த எண், எந்த இடத்தில் முறையீடு எழுந்தது என்பதைச் சொல்லும். ஏன் எழுந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. காய்ச்சல்மானி காய்ச்சலைக் காட்டும். காரணத்தை மருத்துவரே காணவேண்டும்.

ஆகவே, உங்கள் கையில் ஒரு பழுது வந்து சேரும்போது, அது எஞ்சினாயினும் கணக்காயினும், இவற்றை நினையுங்கள். அதனோடு நாள் முழுதும் இருப்பவரை முதலில் கேளுங்கள். அவர் பதவியில் எளியவர் என்று விட்டுவிடாதீர்கள். கடைசியாகத் தொட்ட இடத்தை முதலில் பாருங்கள். செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால், எதனால் சரியாயிற்று என்று தெரியாமலே போய்விடும். காரணம் தெரியுமுன் ஆளைக் குற்றம் சொல்லாதீர்கள். முடிவாக, நட்டை இறுக்கிய பின் ஒருமுறை தகட்டை விட்டுப் பாருங்கள்.